பனி வந்து அழிக்காத வரி

தபித்தாள் டீச்சர் எங்கள் பள்ளியில் அறிவியல் எடுக்கிறார். பெர்ன்ஹில்லிலிருந்து பிக்கட்டிப் பக்கம் தினமும் பஸ்ஸில் வருவார். ஒரு காதில் பாட்டு, மறு காது நடத்துனருக்கு. சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவர். கவிதையும் எழுதுவார். எழுதிய வரியை ஏதாவது ஒரு மெட்டில் முனகிப் பார்ப்பார்.

"மெட்டுல உக்காராத வரி பொய் வரி, வேலுமணி சார்."

நான் கணக்கு வாத்தியார். எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன். புரியாததற்குத் தலையாட்டும் பழக்கத்தைக் கல்லூரியோடு விட்டுவிட்டேன். அதனால், "புரியலீங்க டீச்சர்" என்றே சொல்வேன்.

பள்ளி வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. காலையில் அதில் டீச்சர் சொந்த வரி எழுதுவார், பெயர் போடமாட்டார். பதினோரு மணிக்கு மலைப்பனி, நாங்கள் சொல்லும் மிஸ்ட், இறங்கும், சாக்பீஸ் எழுத்து கரைந்து வழியும். "எனக்கு எடிட்டர் மேல இருந்து வர்றாரு" என்று சிரிப்பார்.

அந்தப் புதன்கிழமை எழுதியது இது:

மழை பெய்தது, இலை நனைந்தது,
தராசு குடித்தது இரண்டு கிலோ.

பக்கத்து எஸ்டேட்டில், மழைநாளில் பறித்த தேயிலைக்கு ஈரம் என்று சொல்லி, கூலிக்கு நிறுக்கும் எடையில் சாக்குக்கு இத்தனை கிலோ எனக் கழித்துவிடுவார்கள். எல்லாருக்கும் தெரிந்ததுதான். பலகையில்தான் யாரும் எழுதியதில்லை.

ஒன்பதரைக்கே எஸ்டேட் ஆபீஸிலிருந்து போன். தலைமையாசிரியர் பரமசிவன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம டேங்குக்குத் தண்ணி அவங்க பைப் லைன்ல இருந்துதான வருது? நாலு மணிக்குள்ள அந்தம்மாகிட்ட அந்த வரிய அழிச்சுறச் சொல்லுங்க. நாஞ் சொன்னா அழுதுருவாங்க."

டீச்சர் அழவில்லை. "பதினோரு மணிக்கு அதுவே போயிரும் சார்" என்றார்.

பதினொன்று ஆனது. வெயில் அடித்தது. பன்னிரண்டுக்கும் வெயில். எட்டாம் வகுப்பில் பாதிப் பாடத்தில் ஜன்னலுக்குப் போய் நின்றார். மதியம் டிபன் டப்பாவைத் திறந்தார், சாப்பிடாமலே மூடினார்.

"குந்தா பக்கம் மேகம் கட்டுதா சார்?"

"இல்லீங்க. ஒரு தடவ தொடச்சுட்டு வந்துரலாமுங்களே?"

"நானே தொடச்சா, அது பொய்னு ஆயிருமே."

"தண்ணி நின்னா?"

"அதான் சார். முந்நூறு புள்ளைங்க. கை கழுவ என்ன பண்ணும்?"

மறுபடியும் அந்த வரியை மெட்டில் முனகினார். பாதியில் நிறுத்தினார். எழுந்தார், உட்கார்ந்தார்.

மூன்றே முக்காலுக்கு டஸ்டரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நானும் கூடவே போனேன். மகளைக் கூட்டிப்போக வந்திருந்த அம்சவேணி அக்கா, இலை பறித்த கறை படிந்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க டீச்சர், இதை எழுதுனது ஆருங்க?"

டீச்சர் டஸ்டரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ஆரா இருந்தாலும் எங்களை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க. ரெண்டு எங்க புடிக்கறாங்க? மூணுங்க! நேத்தும் மூணு. பள்ளிக்கூடத்துலயே ரெண்டுன்னு எழுதிப் போட்டா, நாளைக்கு நாங்க மூணுன்னு சண்டைக்குப் போனா ஆரு நம்புவா?"

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "மூணுன்னு எனக்குத் தெரியும் சார். மெட்டுக்கு இரண்டுதான் உக்காந்துச்சு."

டஸ்டரால் அந்த ஒரு சொல்லை மட்டும் அழித்தார். 'மூன்று' என்று எழுதி, வரியை முனகிப் பார்த்தார். மெட்டு நொண்டியது. அப்படியே விட்டுவிட்டு, கீழே 'தபித்தாள்' என்று போட்டார்.

"இனி எஸ்டேட்காரங்க ஸ்கூலைக் கேக்க வேண்டாம். என்னைக் கேக்கட்டும்."

"தபித்தாளா? பேரு நல்லாருக்குங்க" என்றார் அம்சவேணி அக்கா.

நாலரைக்கு மிஸ்ட் வந்தது. அதற்குள் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள் முழுக்க அந்த வரி போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீச்சர் பலகைக்குப் போகவில்லை. நேராகக் குழாயடிக்குப் போனார். திறந்தார். தண்ணீர் வந்தது. மூடினார். நம்பிக்கை வராமல், மறுபடியும் திறந்து பார்த்தார்.