வாய்ச்சொல்லுக்கு வந்த வழக்கு

சிவனாண்டி, லிங்கேஸ்வரனுக்குப் பதினையாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். வேலைக்கூலி. இராஜபாளையத்தில் இரண்டு தறியோடு தொடங்கி, பேண்டேஜ் துணிக் கம்பெனியாக வளர்த்த மனுஷன் அவர். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. லோடு லோடாக நூல் வாங்கியதும் துணி விற்றதும் வாய்ச்சொல்லில்தான். அவர் சொல்லை நம்பிக் கெட்டவன் ஊரில் ஒருத்தன் கிடையாது.

சேத்தூர் லிங்கேஸ்வரனின் பிழைப்பே வேறு. கம்பெனிக்காரர்கள் கேட்டுக்கொண்டால், அவர்கள் கம்ப்யூட்டருக்குள் திருடனைப் போல நுழைந்து பார்த்து, ஓட்டை எங்கே என்று சொல்வான். சிவனாண்டி கூப்பிட்டபோதும் முதலில் அனுமதிக் கடிதம்தான் கேட்டான்.

"ஏலே, நான் சொன்னா பத்தாதா? கையெழுத்து கேக்கிறவன் எம் வாசப்படி ஏறப்பிடாது."

"கோவிச்சுக்காதிய அண்ணாச்சி, சட்டம் அப்படி..."

"அந்தச் சட்டத்தை எங்கிட்ட வந்து பேசச் சொல்லு!"

கடிதம் இல்லாமலே அவன் வேலையை ஏற்றுக்கொண்டான். நுழைந்து பார்த்தான். கணக்குவழக்கு எல்லாம் திறந்த வீடாகக் கிடந்தது.

அதை அவன் சொல்ல வருவதற்குள் மகன் வல்லரசு முந்திக்கொண்டான். யாரோ உள்ளே புகுந்திருப்பதைக் கண்டவன், அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டான். லிங்கேஸ்வரனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சிவனாண்டி ஸ்டேஷனுக்கு ஓடினார்.

"நாந்தான் பாக்கச் சொன்னேன். பயல விடுங்க."

இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் புரட்டினார். "கம்பெனி உங்க மகன் பேர்ல இருக்கு. அனுமதி குடுக்க நீங்க யாரு பெரியவரே?"

பேங்க் கடனுக்காக மகன் பேருக்கு மாற்றியதே அவர்தான். புகாரை வாபஸ் வாங்கச் சொன்னால், "பொய்ப் புகார்னு எம்மேல திரும்பும்ப்பா" என்று வல்லரசு நகர்ந்துவிட்டான்.

அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு நடை. வாய்தாவுக்கு மேல் வாய்தா. கூட்டத்தில் நின்றபடி பஸ்ஸில் போவதும், காத்துக் கிடந்து வெறுங்கையாகத் திரும்புவதும்தான். கேசுக்காரனை யார் கம்ப்யூட்டர் பக்கம் அண்டவிடுவார்கள்? லிங்கேஸ்வரன் தேவதானத்தில் தேங்காய் லோடு ஏற்றப் போனான். கூலியையாவது கொடுத்துவிடுவோம் என்று சிவனாண்டி மடியை அவிழ்த்தால், அவனுடைய வக்கீல் கல்பனா தடுத்துவிட்டாள்.

"இப்பக் குடுத்தா, கேசுக்காகப் புதுசா சோடிச்ச கூலின்னு சொல்லுவாக. கேசு முடியட்டும்."

உரிமையாளரோ பொறுப்பில் இருப்பவரோ, யார் அனுமதித்தாலும் போதும் என்பது சட்டம். அதைப் பிடித்துக்கொண்டு அவள் வல்லரசுவைக் கூண்டில் வைத்துக் கேட்டாள்.

"கம்பெனிக்கு ஆள் எடுக்கிறது யாரு?"

"அப்பா."

"சரக்குக்கு விலை பேசுறது?"

"அப்பாதான்."

"அப்ப நீங்க?"

வல்லரசு கூண்டுக் கட்டையைப் பார்த்தான். "நீட்டுன எடத்துல கையெழுத்துப் போடுவேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எல்லாம் நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த சிவனாண்டிக்கு, அன்றைக்குத் தலை நிமிரவில்லை.

விடுதலை என்று தீர்ப்பான நாளில் வல்லரசு யாரையும் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கோர்ட் வாசலில் சிவனாண்டியும் லிங்கேஸ்வரனும் மட்டும் நின்றார்கள்.

"இனிமே கடுதாசி இல்லாம வரமாட்டேன் அண்ணாச்சி."

"நான் கூப்பிட்டா வராத. இனிமே எம் மகந்தான் கூப்பிடணும்."

மடியிலிருந்து ரூபாய் நோட்டுக் கட்டை எடுத்தார்.

"கையை நீட்டுலே."

நீட்டினான். தேங்காய் மட்டை உரசிக் காய்ப்பேறிய உள்ளங்கை. எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணி, அதில் வைத்தார்.