மாப்பிள்ளை வாசிக்காத கட்டுரை

"அந்த மண்ணில் நம்மை மனிதராக எண்ணும் ஒருவர்கூட இல்லை."

நான் எழுதி அச்சில் வந்த வரிகளில் எனக்கு மனப்பாடமாக நிற்பது இது ஒன்றுதான். நன்றாக எழுதிய வரி என்பதால் அல்ல.

வடக்கே எல்லைப் பக்கம் தீவிரவாதிகள் புகுந்து, ஒரு பாவமும் அறியாதவர்களைச் சுட்டுக் கொன்ற வாரம் அது. செத்தவர்களில் ஒருவருடைய செருப்பைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். புதுச் செருப்பு. பயணத்துக்கென்றே வாங்கியிருப்பார். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. இன்றைக்கும் அதை நான் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் அந்தக் கோபம் கொஞ்சமும் ஆறாமல் அப்படியே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் நெய்யாற்றின்கரை நீதிமன்றத்தில் வக்கீல் குமாஸ்தா. மற்றவர்களுடைய வழக்குகளை மலையாளத்தில் எழுதிக் கொடுப்பது பிழைப்பு. தமிழில் எழுதுவது ஆசை. எங்கள் முன்னோர்கள் சமஸ்தானக் கச்சேரிகளில் கணக்கெழுதியவர்கள். அந்தக் கெத்து வீட்டில் இன்னும் கொஞ்சம் மிச்சம் உண்டு. அப்பா பிடிவாதமாக என்னை மட்டும் மாநில எல்லை தாண்டித் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார். அதனால் நாகர்கோவில் பக்கமிருந்து வரும் ஒரு தமிழ் நாளிதழின் நடுப்பக்கத்தில் மாதம் ஒரு கட்டுரையாவது எழுதுகிற ஆளாக ஆனேன். இந்தப் பயலுக்கு எதைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் உண்டு என்று எங்கள் வக்கீல் கிண்டல் செய்வார். உண்மைதான். அணையைப் பற்றி உண்டு, ரயில் பாதையைப் பற்றி உண்டு, இரண்டு நாடுகள் எப்படிச் சண்டை போட வேண்டும் என்பதைப் பற்றியும் உண்டு.

கட்டுரை என் புகைப்படத்தோடு வந்தது. தண்ணீரை நிறுத்த வேண்டும், வியாபாரத்தை நிறுத்த வேண்டும், பேச்சை நிறுத்த வேண்டும் என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசிக்கு முந்தின பத்தியில் அந்த வரியைப் போட்டிருந்தேன். உதியன்குளங்கரை டீக்கடையில் தமிழ் பேப்பர் வாங்குகிறவர்கள் நாலைந்து பேர்தான். அன்று அந்த நாலைந்து பேரும் எழுந்து நின்று கை கொடுத்தார்கள். "சாரே, நல்லா காச்சி விட்டுட்டியளே!" என்றார் ஒருவர். எனக்குத் தலைகால் புரியவில்லை. டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

இனி என் தங்கை வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். குன்னத்துகாலில் என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை, வளைகுடாவில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். கம்பெனி கொடுத்த அறை இரண்டு பேருக்கானது. பன்னிரண்டு வருஷமாக அந்த அறையில் அவரோடு இருந்தவர் அந்த நாட்டுக்காரர், நான் கட்டுரை எழுதினேனே, அதே நாட்டுக்காரர். பட்டாணியர். என் தங்கை அவரைப் 'பாய்' என்பாள். நானும் அப்படியே சொல்கிறேன்.

இரண்டு வருஷம் முன்பு மாப்பிள்ளைக்கு அந்த அறையில் நெஞ்சுவலி வந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. பாய் அவரை முதுகில் சுமந்துகொண்டு நாலு மாடி இறங்கினார். ஆஸ்பத்திரியில் சாயங்காலம் தவறாமல் போனைக் கண்ணாடிக் கதவில் வைத்துப் பிடித்து, உள்ளே படுத்திருந்தவரைத் தங்கைக்குக் காட்டினார். மலையாளிகளோடு வேலை செய்து பழகிய நாலு வார்த்தையில், "பேடிக்கேண்டா, பெங்களே" என்று அவளுக்கு ஆறுதல் சொன்னார். பயப்படாதே, தங்கச்சி என்று. மறுபடியும் வரலாம், தனியாகப் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவர்தான் கேட்டு எங்களுக்குச் சொன்னார். ஊருக்கு வந்துவிடச் சொல்லி நாங்கள் கெஞ்சினோம். மகள் நர்சிங் படிப்பு முடிக்கட்டும் என்று மாப்பிள்ளை அங்கேயே இருந்தார். பாய் பக்கத்துக் கட்டிலில் இருக்கிற தைரியத்தில் தங்கையும் சம்மதித்தாள்.

அதற்குப் பிறகு இங்கிருந்து போகிறவர்கள் கையில் பலாச்சக்கை வற்றலும் மாங்காய் அச்சாறும் இரண்டு பொட்டலமாகப் போகும். ஒன்று பாய்க்கு. அங்கிருந்து அவர் மனைவி ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய அக்ரூட் கொட்டைகள் வரும். அதை உடைத்துத் தின்றவர்களில் நானும் உண்டு.

எழுதும்போது அவர் நினைவுக்கு வரவே இல்லையா என்று யாராவது கேட்கலாம். வந்தார். சொல்ல வெட்கமான விஷயம் இதுதான். அந்த வரியை எழுதுகிற இடத்தில் ஒரு நொடி வந்தார், பேனா நின்றது. விதிவிலக்கு ஒன்றைச் சொன்னால் கட்டுரையின் வேகம் போய்விடும் என்று தோன்றியது. தள்ளிவிட்டு எழுதினேன்.

கட்டுரையைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மாப்பிள்ளை உடனே கைதட்டல்களாக அனுப்பினார். அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. எங்கள் பக்கத்தில் இது அதிசயமே இல்லை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். என் கட்டுரைகளை என் வீட்டார் யாரும் வாசித்ததில்லை. புகைப்படத்தைப் பார்த்துப் பெருமைப்படுவதோடு சரி.

அந்தப் பெருமையில்தான் மாப்பிள்ளை போனைப் பாயிடம் நீட்டியிருக்கிறார். "பார், என் பெண்டாட்டிக்கு அண்ணன், பேப்பரில் எழுதுகிறவர்." பாயும் சந்தோஷப்பட்டு, என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. பாய் தன் போனை அந்தப் படத்தின் மேல் பிடித்தார். அதில் இருந்த மொழிபெயர்ப்பு வசதி முழுக் கட்டுரையையும் உருதுவில் காட்டிவிட்டது. அவர் நிதானமாக, கடைசி வரை வாசித்தார். மாப்பிள்ளை ஒரு பாராட்டுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

பாய் வழக்கம்போல மாப்பிள்ளைக்கு மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தார். மறுநாள் தன் பெட்டியையும் கம்பளியையும் எடுத்துக்கொண்டு மேல்மாடியில் வேறொரு அறைக்குப் போய்விட்டார்.

விஷயம் எனக்குத் தெரிந்தது தங்கை வந்து சொன்னபோதுதான். பஸ் பிடித்து நேராக நீதிமன்றத்துக்கே வந்துவிட்டாள். குமாஸ்தாக்கள் உட்காரும் வராந்தாவில் என் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணா, நீ பேப்பர்ல என்னத்த எழுதின?"

"தீவிரவாதத்தைப் பத்தி எழுதினேன். எதுக்குக் கேக்க?"

"எனக்கு வாசிச்சுத் தா."

மேஜை இழுப்பறையில் அந்தப் பக்கம் மடித்து வைத்திருந்தேன். வாசித்தேன். டீக்கடையில் கை கொடுத்தவர்களுக்கு முன்னால் வராத கூச்சம் அவள் முன்னால் வந்தது. அந்த வரிக்கு வந்தபோது குரலைத் தாழ்த்தினேன்.

"அத இன்னொரு மட்டம் வாசி" என்றாள்.

வாசித்தேன்.

"ஒருத்தருகூட இல்லியா? அப்பம் அவியள முதுகுல சுமந்துட்டுப் போனது ஆராக்கும்?"

பக்கத்து மேஜைக்காரர் வழக்குக் கட்டுகளைப் புரட்டுவதை நிறுத்திவிட்டார். நான் அவளை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ராத்திரி அவிய அந்த ரூம்ல ஒத்தைக்குக் கெடக்காவ. காலத்த எழும்பலேண்ணா ஆரு அறியும்? இஞ்ச இருந்துட்டு நானா அறிவேன்? நீ எப்பிடியாவது அந்த பாய ரூமுக்கு வர வை அண்ணா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அழுதாள். வராந்தாவில் எல்லாரும் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அத்தான், உங்கள நான் குத்தம் பறயல்ல. என்ன எழுதியிருக்குன்னு அறியாம காட்டினது எனக்க தப்பாக்கும்" என்றார். பிறகு சொன்னார்: "உங்களுக்கு ஒரு காரியம் தெரியாது. பாய்க்க தம்பி தொழுகைக்குப் போன எடத்துல பாம் வெடிச்சாக்கும் செத்தது. வச்சவனுவளும் இதே மாதிரி ஒரு கூட்டந்தான். அந்தப் பயக்கள அவன் ஏசுறத நீங்க கேக்கணும். நீங்க எழுதினதெல்லாம் அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல."

அதன் பிறகு என் கட்டுரையைக் குமாஸ்தாவின் கண்ணால் வாசித்துப் பார்த்தேன். ஒரு வழக்கில் குற்றம் செய்தவர்களைத் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். இன்னார் இன்னது செய்தார் என்று சொல்ல வேண்டும். ஊர் முழுவதையும் பிரதிவாதியாகச் சேர்த்து யாராவது மனு கொண்டுவந்தால் மூஞ்சியில் விட்டெறிவேன். நானே அதைச் செய்திருந்தேன். முதல் பத்தியில் 'கொலைகாரர்கள்' என்று சரியாகத்தான் தொடங்கியிருக்கிறேன். மூன்றாவது பத்தியில் அது 'அவர்கள்' ஆகிவிட்டது. கடைசியில் 'அந்த மண்' ஆகிவிட்டது. எங்கே மாறியது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு கட்டுரை எழுதினேன். தீவிரவாதிகளை விடக்கூடாது, ஆனால் அவர்களால் அந்தப் பக்கத்திலும் சாகிறவர்கள் உண்டு என்று. பத்திரிகையிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. "ஐயா, உங்கள் போன கட்டுரைக்கு நல்ல வரவேற்பு. இப்போதைய சூழ்நிலையில் இதைப் போட முடியாது. கொஞ்சம் ஆறட்டும்." அதற்குள் இரண்டு நாடுகளும் குண்டு வீசத் தொடங்கியிருந்தன. பத்திரிகைக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆகவே பாயிடம் நானே பேசுவது என்று முடிவு செய்தேன். குண்டு வீச்சு நின்று, அவருக்கு விடுமுறையான ஒரு காலையில் கூப்பிட்டேன். என்னுடையது பள்ளிக்கூடத்து ஹிந்தி. பரீட்சைக்குப் போகிறவனைப் போல வாக்கியங்களைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். அவர் முதலில் தங்கை சுகமா, அவள் மகள் படிப்பு எப்படி என்று விசாரித்தார். நான் தாளைப் பார்த்து, "கொலைகாரர்கள் மேல் இருந்த கோபத்தில் எழுதிவிட்டேன். உங்களைத் தெரிந்திருந்தும் எழுதினேன். மன்னிக்க வேண்டும்" என்றேன்.

"கோபம் இல்லை, சாப்" என்றார். பிறகு, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திச் சொன்னார்.

"எங்கள் பத்திரிகையிலும் உங்களைப் போல ஒருவர் எழுதுகிறார். படித்தவர். அழகாக எழுதுவார். உங்கள் நாட்டு மக்களைப் பற்றி இதே வரியைப் பலமுறை எழுதியிருக்கிறார். ஒவ்வொரு சண்டையின்போதும் என் போனுக்கு அது வரும். பக்கத்துக் கட்டிலில் இருந்து உங்கள் மாப்பிள்ளை, 'என்ன பாய், ஊரில் என்ன செய்தி?' என்று கேட்பான். 'ஒன்றுமில்லை, மழை' என்று சொல்லிவிடுவேன். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அதை அவனுக்குப் படித்துக் காட்டியதில்லை."

தாளில் இதற்குப் பதில் எழுதி வைத்திருக்கவில்லை. கடைசியில், அறைக்குத் திரும்ப வர வேண்டும், என் தங்கைக்காக வர வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

"அந்த அறையில் எனக்கு இப்போது தூக்கம் வராது, சாப்" என்றார். "என் தம்பியைக் கொன்றவர்களோடு என்னையும் சேர்த்து ஒருவர் எழுதியதை அங்கே உட்கார்ந்துதான் வாசித்தேன்."

தங்கை வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். வர மாட்டார் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை. "அவியள நான் ஊருக்கு வரச் சொல்லுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். மாப்பிள்ளை வரவில்லை. மகளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருந்தது.

மாதங்கள் ஆகிவிட்டன. பாய் இன்றுவரை அந்த அறைக்குத் திரும்பவில்லை. ஆனால் தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு மாடி இறங்கி வந்து, கதவைத் தட்டுகிறாராம். உள்ளேயிருந்து மாப்பிள்ளை, "எழும்பியாச்சு பாய்" என்று குரல் கொடுக்க வேண்டும். அதுவரை வெளியே நிற்கிறார். குரல் கேட்டதும், உள்ளே வராமல் போய்விடுகிறார்.