ஒட்டுமடிப்பைச் சேர்க்கக் கூடாது

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் பசையக்கா. மருந்தோ சோப்போ பல்போ, எதை அடைத்து விற்றாலும் அதன் பெட்டி தட்டையாக வெட்டப்பட்டு அவள் மேசைக்கு வரும். அவள் மடிப்பாள், பசை தடவுவாள், ஓர் அழுத்து அழுத்துவாள். பெட்டி எழுந்து நிற்கும். விரல் நுனியில் ரேகை இருந்த இடத்தில் காய்ந்த பசைதான் இருக்கிறது. எந்த அலுவலகத்தில் கைரேகை வைக்கச் சொன்னாலும் கருவி ‘அப்படி ஓர் ஆள் இல்லை’ என்று சத்தியம் செய்துவிடும். இல்லாத ஆளாக இருந்துகொண்டே வீட்டில் மூன்று வயிற்றுக்குச் சோறு போட்டுவந்தாள்.

மூன்றில் ஒன்று அவளுடையது. இன்னொன்று கணவனுடையது. சுமை தூக்கும் வேலையில் இருந்தவன், லாரியிலிருந்து விழுந்து முதுகைக் கொடுத்துவிட்டு, பாயோடு பாயாகக் கிடக்கிறான். மூன்றாவது அவன் தம்பி. கணிதப் பட்டதாரி. வேலை தேடிக்கொண்டிருந்தான், பெரும்பாலும் உட்கார்ந்த இடத்திலேயே.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்தியது ஒரு மெஷின். அது இன்னும் வரவில்லை. வரப்போகிறது என்ற செய்திதான் வந்தது.

“மடிக்கிறது, ஒட்டுறது எல்லாம் அதுவே பண்ணிடும்மா” என்றார் சூப்பர்வைசர். “பட்டன் அமுக்க மட்டும் ஒரு ஆள் வேணும். உன்னையே போடலாம்னு சொன்னேன். பத்தாவது பாஸ் இல்லாம முடியாதுன்னுட்டாங்க.”

“பட்டன் அமுக்க எதுக்கு சார் பத்தாவது?”

“யாருக்குத் தெரியும்? நான் டிகிரி. எனக்கு இன்னும் ஒரு பட்டன்கூடக் குடுக்கல.”

பசையக்கா பத்தாவதில் எல்லாப் பாடத்திலும் தேறியவள், கணக்கைத் தவிர. மெஷின் வருவதற்குள் மறுதேர்வு ஒன்று இருந்தது. அதை விட்டால் அடுத்தது ஆறு மாதம் கழித்து. மேசைகளை எடுத்துவிட்டுத்தான் மெஷினை வைக்க முடியும் என்பதால் யாருக்கும் ஆறு மாதம் கிடையாது.

அன்று சாயங்காலமே கொழுந்தனைப் பிடித்தாள். “தம்பி, எனக்குக் கணக்குச் சொல்லிக்குடு.”

“எதுல ஆரம்பிக்கலாம் அண்ணி?”

“பெட்டியில.”

பட்டதாரிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பட்டகங்களின் புறப்பரப்பு என்று ஒரு பாடம் இருக்கிறது. பட்டகம் என்று புத்தகம் சொல்வது பெரும்பாலும் நாம் பெட்டி என்று சொல்வதைத்தான்: இரண்டு முனையும் ஒரே வடிவம், நடுவில் நீளச் சுவர்கள். அதன் எல்லாப் பக்கத்தையும் பிரித்துத் தட்டையாக விரித்தால் கிடைப்பது வலை. வலையில் உள்ள ஒவ்வொரு செவ்வகத்துக்கும் முக்கோணத்துக்கும் பரப்பளவு கண்டு கூட்டினால் வேலை முடிந்தது. கால்நூற்றாண்டாக வலைகளை மட்டுமே தொட்டுப் பிழைத்த பெண்ணுக்கு இதைவிடத் தோதான பாடம் கிடைக்குமா?

அங்கேதான் விதி உட்கார்ந்திருந்தது.

சோப்புப் பெட்டியின் வலையைக் கண் மூடித் திறப்பதற்குள் வரைந்துவிட்டாள். கோடுகள் கத்தியால் கீறியதுபோல் இருந்தன. கொழுந்தன் குனிந்து பார்த்தான்.

“அண்ணி, ஓரத்துல இது என்ன வால் மாதிரி?”

“ஒட்டுமடிப்பு. அதுலதானே பசை தடவணும்.”

“மேல கீழ காது காதா?”

“மூடி உள்ள சொருக.”

“அதெல்லாம் வேண்டாம். ஆறு பக்கம் மட்டும்தான்.”

“ஆறு பக்கம் மட்டும் வெட்டினா பெட்டி எப்படிப்பா நிக்கும்?”

“நிக்க வேண்டாம் அண்ணி. பரப்பளவைச் சொன்னா போதும்.”

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சாப்பிட வேண்டாம், சோறு எவ்வளவு என்று சொன்னால் போதும் என்பவனைப் பார்க்கிற பார்வை.

அவனுக்கும் ரோஷம் வந்தது. கத்தரிக்கோலை எடுத்து ஒரு பற்பசைப் பெட்டியைப் பிரித்து, வாலையும் காதுகளையும் நறுக்கி, “இதான் வலை” என்றான். அவள் அதை வாங்கி மடித்துப் பார்த்தாள். பெட்டி ஒரு கணம் நிற்பதுபோல் பாவனை செய்து மல்லாந்து விழுந்தது.

“பார்த்தியா?” என்றாள்.

பாயிலிருந்து கணவன், “என்னை மாதிரியே விழுகுது” என்றான். யாரும் சிரிக்காததால் தானே சிரித்தான். முதுகு வலித்ததும் நிறுத்திக்கொண்டான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தப் பெட்டிக்கும் உத்தரவாதம் இல்லாமல் போயிற்று. மாத்திரைப் பெட்டி, தீப்பெட்டி, பக்கத்து வீட்டுக்காரர் புதுச் செருப்பு வாங்கி வந்த பெட்டி, எல்லாம் விரிந்து சுவரில் ஒட்டிக்கொண்டன. கணவனுக்கு எந்த மாத்திரை காலைக்கு, எது ராத்திரிக்கு என்பதே குழம்பியது. “என்னையும் சுவத்துல ஒட்டிடு, பாயாவது மிச்சமாகும்” என்றான்.

அவள் முன்னேறாமல் இல்லை. நீளம், அகலம், உயரம் எல்லாம் வாய்க்கு வந்தது. முக்கோணத்துக்கு அடிப்பக்கத்தையும் உயரத்தையும் பெருக்கிப் பாதியாக்க வேண்டும் என்பதும் வந்தது. விடை மட்டும் எப்போதும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அந்தக் கொஞ்சம் ஒட்டுமடிப்பு. அவள் வேண்டுமென்று சேர்க்கவில்லை; கை சேர்த்துவிடும். ஒட்டுமடிப்பில் பசை தடவ மறந்ததற்கெல்லாம் திட்டு வாங்கிய கை அது.

“தேர்வுல ஒட்டு கிடையாது. சொல்லுங்க அண்ணி.”

“ஒட்டு கிடையாது.”

“திரும்பச் சொல்லுங்க.”

“கிடையாதுடா சாமி, கிடையாது!”

தேர்வு அன்று பேருந்தில் இதையே முணுமுணுத்துக்கொண்டு போனாள். பக்கத்தில் இருந்த பெண், ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ஐந்து மதிப்பெண் கேள்வி இப்படி இருந்தது: ‘ஒரு நிறுவனம் முக்கோணப் பட்டக வடிவில் அட்டைப்பெட்டி ஒன்றைச் செய்கிறது. முக்கோணத்தின் பக்கங்கள் 6, 8, 10 செ.மீ.; அது செங்கோண முக்கோணம். பெட்டியின் நீளம் 15 செ.மீ. வலை வரைந்து, பெட்டியைச் செய்யத் தேவையான அட்டையின் பரப்பைக் காண்க.’

வலை வரைந்தாள். முக்கோணம் ஒன்று இருபத்துநான்கு, இரண்டும் நாற்பத்தெட்டு. செவ்வகங்கள் தொண்ணூறு, நூற்றிருபது, நூற்றைம்பது. மொத்தம் நானூற்றெட்டு. வாலும் இல்லை, காதும் இல்லை. எழுதி முடித்துக் கேள்வியை இன்னொரு முறை படித்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

‘பெட்டியைச் செய்யத் தேவையான அட்டை.’

பரப்பளவு என்றுதானே கேட்பார்கள் என்றான் தம்பி? இவர்கள் பெட்டியைச் செய்யச் சொல்கிறார்களே! நிறுவனம் என்று வேறு போட்டிருக்கிறார்கள். நானூற்றெட்டில் செய்தால் ஒரு பெட்டிகூட ஒட்டாது. அது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு உலகத்தில் வேறு எதுவும் தெரியாது. ஓரத்தில் கூட்டிப் பார்த்தாள். நீளவாக்கில் ஒரு சென்டிமீட்டர் ஒட்டு, பதினைந்து. முக்கோணங்களின் திறந்த ஓரங்களுக்கு இருபத்தெட்டு. நானூற்றைம்பத்தொன்று.

இரண்டையும் எழுதலாமா? இரண்டு விடை போட்டால் பூஜ்யம் என்று தம்பி சொல்லியிருந்தான். கண்காணிப்பாளரைக் கூப்பிட்டாள்.

“ஐயா, இந்தப் பெட்டியை ஒட்டணுமா?”

“பேசக் கூடாதும்மா.”

“ஒரே வார்த்தை, ஐயா. ஆமா இல்லேன்னு மட்டும்...”

“பேப்பரைப் பிடுங்கிடுவேன்.”

மணி அடித்தது. இரண்டில் ஒன்றைக் கோடு போட்டு அடித்தாக வேண்டும். பாயில் கிடப்பவன் நினைவுக்கு வந்தான், சூப்பர்வைசரின் பட்டன் வந்தது, கிடையாது கிடையாது என்று தம்பி வந்தான். பேனா நானூற்றெட்டை அடித்துவிட்டு நின்றது.

வாசலில் கொழுந்தன் ஓடிவந்தான். “என்ன போட்டீங்க?”

சொன்னாள். அவன் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். வீட்டுக்குப் போனதும் அண்ணனிடம், “அண்ணி பிச்சு உதறிட்டாங்க” என்றான். அந்தப் பட்டதாரி வாழ்நாளில் செய்த ஒரே நல்ல கணக்கு அதுதான்.

முடிவு வந்தபோது தேறுவதற்கு மூன்று மதிப்பெண் குறைந்தது. சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்காமல், “நான் என்னம்மா பண்றது?” என்றார். அவர் ஒன்றும் பண்ணியிருக்க முடியாது, பாவம். மேசையைத் தூக்கிப் போனார்கள். கொழுந்தன் நாற்காலியை விட்டு எழுந்து ஒரு கிடங்கில் மூட்டை எண்ணப் போனான். சம்பளம் அரிசிக்கு வந்தது; மாத்திரைக்கு வரவில்லை. அவள் வேறு நாலு தொழிற்சாலைகளில் ஏறி இறங்கினாள். நாலிலும் மெஷின் இருந்தது. நாலும் பத்தாவது கேட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழுந்தன் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“அடுத்த தேர்வுக்கு இன்னும் நாள் இருக்குல்ல?”

“இருக்கு அண்ணி.”

வரைந்தாள். மூன்று செவ்வகம், இரண்டு முக்கோணம். ஓரங்கள் மொட்டையாக நின்றன. கை மேலே போகப் பார்த்தது; இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“சரியா?”

“சரி அண்ணி.”

“இது நிக்காது தம்பி.”

அவன் அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பினான்.

“நிக்காது அண்ணி” என்றான்.