பெரியவங்க வரிசை

யுவராணிக்குச் சர்க்கரை வந்தபோது எட்டு வயது. மேனாம்பேட்டில் அவர்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. வயசானவங்களுக்கு வர்ற நோயாச்சே, புள்ளைக்கு இன்னாத்த வாங்கிப் போட்டே என்று அவள் அம்மா கமலத்தைத்தான் கேட்டார்கள். கமலம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கிறவள். புருஷன் எப்போதோ வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டான். ஊசியைக் கண்டாலே தலை சுற்றுகிறவள் மகளுக்காகப் போடக் கற்றுக்கொண்டாள். முதல் ஒரு மாதம் போட்டுவிட்டு, வாசலில் போய் நின்று வாந்தி எடுத்துவிட்டு வருவாள்.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். சுவரில் முயலும் யானையும் வரைந்திருக்கும். டாக்டரம்மா அவளை ராணி என்று கூப்பிடுவார், பரீட்சை மார்க் கேட்பார், பிறந்தநாளுக்குப் பென்சில் டப்பா கொடுப்பார். பத்து வருஷம் அப்படிப் போனது. பதினெட்டு முடிந்ததும் அதே டாக்டரம்மா, "இனிமே நீ பெரியவங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும் ராணி. எங்க ரூல் அப்படி" என்றார். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று சொல்லவில்லை. யுவராணிக்கும் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பெரியவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு முறை போனாள். பெஞ்சில் அவளுக்கு ஒரு பக்கம் கால் எடுத்த பெரியவர், இன்னொரு பக்கம் கண் தெரியாத அம்மா. டாக்டர் தலை நிமிராமல், மாத்திரை எத்தனை போடுறே என்றார். மாத்திரை இல்ல சார், சின்ன வயசுலேருந்து ஊசி என்றாள். "வாயைக் கட்டணும்மா, இந்த வயசுல" என்று எதையோ எழுதினார். வெளியே வரும்போது அந்தக் கண் தெரியாத அம்மா கமலத்தின் கையைத் தேடிப் பிடித்து, இதை எவன் கட்டிக்குவான் என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டாள். பஸ்ஸில் யுவராணி சொன்னாள், "இனிமே இந்த எடத்துக்கு இட்டுகினு வராத."

மூன்று வருஷம் எந்த டாக்டரையும் பார்க்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் பழைய இன்சுலினையே கேட்டு வாங்கி, பழைய அளவையே போட்டுக்கொண்டாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. அங்கே யாருக்கும் தெரியக் கூடாது என்று மத்தியான ஊசியை விட்டுவிடுவாள். ஒன்றும் ஆகவில்லை. உடம்பு இளைத்தது, கூட வேலை செய்கிற பெண்கள் என்ன சாப்பிடுறே, எங்களுக்கும் சொல்லேன் என்று கேட்டார்கள். அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. கடைசியில் ஒரு நாள் கம்பெனி கழிப்பறையில் மூச்சு வாங்கிக்கொண்டு விழுந்து கிடந்தாள். ஐ.சி.யூ.விலிருந்து பிழைத்து வந்தபின் ஒரு வேளை ஊசியைக்கூடத் தவறவிட்டதில்லை. ஆனால் அந்த மூன்று வருஷம் உடம்புக்குள் தங்கிவிட்டது.

ஆவடியில் டிரஸ்ட் வைத்திருந்த மைதிலி மேடத்துக்கு அவளைப் பற்றி யாரோ சொன்னார்கள். மேடத்தின் மகனுக்கும் இதே நோய். அவன் வெளிநாட்டில் நன்றாக இருந்தான். பதினெட்டு ஆகிற பிள்ளைகளை, நடுவில் காணாமல் போய்விடாதபடி, பெரியவர்கள் ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்ப்பதுதான் டிரஸ்டின் வேலை. "உன்னைப் பார்த்தாலே பசங்களுக்குத் தைரியம் வரும்" என்று சொல்லி மேடம் அவளைச் சேர்த்துக்கொண்டார்.

யுவராணி அந்த வேலைக்கென்றே பிறந்தவள்போல் செய்தாள். பிள்ளையோடு தானும் போய் வரிசையில் நிற்பாள். உள்ளே போவதற்கு முன் சொல்லிக்கொடுப்பாள்: "சின்னதுலேருந்து ஊசின்னு மொதல்ல சொல்லிடு. சுகர் எறங்குனா இன்னா பண்ணுவேன்னு கேப்பாரு, நீதான் பதில் சொல்லணும். ஒங்கம்மா பேசக் கூடாது." அம்மாக்காரி வாயைத் திறந்தால், "வெளிய வா யக்கா, டீ குடிக்கலாம்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவாள். தனியாக உள்ளே போன பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும். அடுத்த தடவை துடைக்காமல் வரும். டிரஸ்ட் பேனரில் அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு நாள் பஸ்ஸில் இடது கண்ணுக்குள் கறுப்பு நூல் ஒன்று மிதந்தது. தலைமுடி என்று நினைத்துத் தள்ளிப் பார்த்தாள். தள்ள முடியவில்லை. கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, சிறுநீரகமும் பாதிக்குமேல் போய்விட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். மேடத்திடம் சொல்லாமல் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

சேக்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் டிரஸ்டின் கூட்டம். பிள்ளைகள், பெற்றோர்கள், பணம் கொடுக்கிறவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மேடையில் யுவராணி. பதினேழு வயதுப் பெண் நிஷா எழுந்து மைக்கை வாங்கிக் கேட்டாள்: "அக்கா, நாங்களும் ஒங்கள மாதிரி நல்லா இருப்போமா?"

யுவராணிக்கு அந்தப் பெண்ணின் முகத்தில் பாதிதான் தெரிந்தது. சிரித்துச் சமாளித்திருக்கலாம். "நான் நல்லா இல்ல நிஷா" என்றாள். "ஒரு கண்ணு சரியா தெரில. கிட்னி போய்கினு கீது. பதினெட்டுலேருந்து மூணு வருசம் டாக்டர் கிட்ட போவல, அதுக்குத்தான் இது. நீ போ. போனா நல்லா இருப்பே."

முன்வரிசையில் ஒரு அம்மா பிள்ளையின் காதைப் பொத்தினாள், பிறகு எழுந்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். அவள் பின்னால் இன்னும் சிலர் போனார்கள்.

மறுநாள் மைதிலி மேடம் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் பேசினார். "உன்னைப் பொய் சொல்லச் சொல்லலை யுவராணி. ஆனா குழந்தைங்க பயந்துட்டாங்க. நீ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு."

கொஞ்ச நாள் முடியவே இல்லை. பேனரில் வேறு பெண் சிரித்தாள். ஒரு நாள் நிஷாவிடமிருந்து போன். "இன்னாக்கா, கல்யாணத்துக்குக் கூப்பிடவே இல்ல? அண்ணன் எந்த ஊரு?"

"யார்டீ சொன்னா?"

"மேடம்தான். நீங்க கல்யாணம் ஆகிப் போயிட்டீங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னாங்க."

"ஆமாண்டீ" என்றாள் யுவராணி. "அவசரத்துல நடந்துட்சி."

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கமலம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த வருஷம் டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே விட்டார்கள். கமலம் தன் கிட்னியைத் தருகிறேன் என்று நின்றாள். பி.பி. இருக்கிறது, கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். வெயில் காலத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது கமலம் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிடுவாள். தானும் மகள் எதிரில் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள்.

ஒரு நாள் டயாலிசிஸ் நடக்கும்போது மைதிலி மேடம் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தார். யுவராணி சாப்பிடக் கூடாதவற்றில் ஆரஞ்சும் ஒன்று. பையைக் காலடியில் வைத்துவிட்டு மேடம் சொன்னார், "நிஷாவைப் பெரியவங்க ஆஸ்பத்திரியில சேர்த்துவிட்டோம். ஒரு தடவை போனா, அப்புறம் போகவே இல்லை. மொபைல் கடையில வேலைக்குப் போறா. எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். உன்னை ஒரு தடவை பார்த்தான்னா..."

"காட்டணுமா?" என்றாள் யுவராணி.

"தப்பா எடுத்துக்காதம்மா."

கமலம் குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கு எம்பொண்ண மறைச்சே. இன்னிக்கு இட்டாந்து காட்டணும்ன்றே. அவ இன்னா பொருட்காட்சியா?"

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். யுவராணி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "அனுப்புங்க மேடம். அவ மட்டும் வரட்டும். நீங்க வராதீங்க."

நிஷா கடைச் சட்டையோடு வந்தாள். ரத்தம் ஓடுகிற குழாய்களைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டாள். "கல்யாணம்னாங்களேக்கா."

"கிட்ட வா." ஊசி குத்தாத இடமாகப் பார்த்து நிஷாவின் விரல்களைத் தன் கையில் வைத்து அழுத்தினாள். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை ஒட்டித் தைத்திருந்த இடம் தோலுக்குக் கீழே கிர்ரென்று அதிர்ந்தது. நிஷா கையை உதறினாள்.

"புடி" என்றாள் யுவராணி. "நான் சொல்ற வரைக்கும் எடுக்காத."

நிஷா பிடித்துக்கொண்டு அழுதாள். "அங்க போனா பாதி நாள் போயிடுதுக்கா. லீவு கேட்டா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க."

"தூக்கட்டும். வேற வேல பாரு. நீ எளச்சிட்ட, தெரிதா? நல்லா கீதுன்னு எவளாவது சொல்லியிருப்பாளே."

நிஷா மிகவும் சின்னக் குரலில் கேட்டாள். "நீங்க செத்துடுவீங்களாக்கா?"

"ஆமா. எப்போன்னு தெரில. நாளைக்குக் காலைல போய் டோக்கன் போடு."

நிஷா டோக்கன் போட்டாள். ஒழுங்காகப் போவதாக மைதிலி மேடம் சந்தோஷமாகச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் அடுத்த மாதம் ஊசியை விட்டிருந்த இன்னொரு பெண்ணை அனுப்பினார். பிறகு ஒரு பையனை. யுவராணி எல்லாரிடமும் கையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். அந்தப் பையன் மயங்கி விழுந்தான். நர்ஸ் வந்து திட்டினாள். பார்த்துப் போனவர்களில் ஒருத்தர்கூட இரண்டாம் முறை அவளைப் பார்க்க வரவில்லை.

அவளாக ஒரு சாயங்காலம் நிஷாவுக்குப் போன் செய்தாள். நிஷா எடுக்கவில்லை. மறுநாளும் செய்தாள், அதற்கு மறுநாளும். அதற்குப் பிறகு மணி அடிக்கவே இல்லை, நிஷா அவள் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டாள்.

"போவுதா ஆஸ்பத்திரிக்கு?" என்று மைதிலி மேடத்திடம் கேட்டாள்.

"தவறாம போறா."

"அப்ப சரி" என்றாள் யுவராணி. கமலம் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வந்தாள். யுவராணி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.