நாவலோடை ஊராட்சியின் கடைசி நாற்பது அடி

காலை ஏழரைக்கு ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். பதினோரு கிலோமீட்டர், டிக்கெட் இரண்டு ரூபாய். அங்கிருந்து மலைப்பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் இன்னும் ஒன்பது கிலோமீட்டர் போனால், வடகரைப்பட்டியைத் தாண்டி நாவலோடை. தொண்ணூறுகளில் ஒரு தை மாதம் அது. மறுநாள் முதல் நாவலோடை என்றொரு ஊராட்சி கிடையாது, வடகரைப்பட்டியோடு சேர்த்துவிட்டார்கள். கலைகிற ஊராட்சி எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் கிளம்பினேன். துக்க வீட்டுக்குப் போகிற முகத்தோடு போனேன் என்றே சொல்லலாம்.

ஊருக்குச் சற்று முன்னால் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"இறங்கி நடங்க சார். ரோட்டுல வேலை நடக்கு. இன்னைக்கு முடிக்காம விடமாட்டாவ."

ஊரே ரோட்டில் நின்றது. கப்பிக்கல் கொட்டி, மேலே சரள் பரப்பி, திமிசுக் கட்டையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் நின்று வேலை ஏவியவர் ஊராட்சித் தலைவர் பாக்கியம். அவர் பதவியும் அன்றோடு சரி.

எண்பதுகளில் ராமநாதபுரம் மாவட்டம் பிரிந்தபோது கலெக்டர் ஆபீஸ்தான் இடம் மாறியது, நாவலோடை மாறவில்லை. குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு, இந்த ரோடு எல்லாம் அந்தச் சின்ன ஊராட்சி செய்துகொண்டவை. ரோடு மட்டும் எல்லையோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் வடகரைப்பட்டிக்குச் சொந்தமான நாற்பது அடி வெறும் பள்ளம். நாவலோடைக்காரன் போகிற வழிக்கு நாங்கள் ஏன் கல் போடவேண்டும் என்று இத்தனை வருஷமும் விட்டுவைத்திருந்தார்கள். அந்த நாற்பது அடியைத்தான் இப்போது நாவலோடை போட்டுக்கொண்டிருந்தது.

"நாளைக்கு நீங்களும் அந்த ஊராட்சிதானே, அவர்களே போடட்டுமே" என்றேன் பாக்கியத்திடம்.

"நாளையில இருந்து அங்க நாங்க ஒரு வார்டு சார். ரோடு போடுங்கன்னு போய்க் கை ஏந்தணுமா? புகுந்த வீட்டுக்குப் போறவ வெறுங்கையோடவா போவா?"

பதினோரு மணிக்கு வடகரைப்பட்டித் தலைவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"எங்க எல்லையில யாரைக் கேட்டு வேலை பாக்கீய?"

"இன்னைக்கு ஒரு நாள்தான அண்ணாச்சி அது உங்க எல்லை" என்றார் பாக்கியம்.

வந்தவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். போலீஸோடு வருவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பாக்கியம் மட்டும், "ஏலே, கை நிக்கக் கூடாது" என்றார். மதியத்துக்குள் இருபது அடி முடிந்தது.

அப்போது வடகரைப்பட்டித் தலைவர் திரும்பி வந்தார், டிராக்டர் நிறையக் கல்லோடும் ஆட்களோடும்.

"வடகரைப்பட்டி ரோட்டை நாவலோடைக்காரன் போட்டான்னு எவனும் சொல்லிரக் கூடாது. மிச்சம் எங்களுக்கு."

பிறகு இரண்டு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு இடித்தார்கள். எங்கள் தெருவில் குழி விழுந்தால் அது யார் வீட்டு வாசல் என்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவோம். இங்கே எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் பெருமையில் நெஞ்சு நிமிர்ந்தது.

ஐந்து மணி பஸ்ஸுக்கு நான் கிளம்பும்போது பாக்கியம் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்பது அடியையும் வெறுங்காலால் நடந்து பார்த்தார். வடகரைப்பட்டி ஆட்கள் போட்ட பக்கத்தில் ஓரிடத்தில் நின்றார்.

"இந்த இடம் கால்ல நெகிழுது அண்ணாச்சி. இன்னொரு தடவை இடிக்கணும்."

வடகரைப்பட்டித் தலைவர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார்.

"தலைவரம்மா சொல்லுதது காதுல விழலையா? இடிங்கலே."