காதர் பாயின் தராசில் ஒரு பொருட்காட்சி

"பாய் போயிட்டாருங்க" என்று சுப்பையா போனில் சொன்னபோது, "எந்த ஊருக்கு?" என்று கேட்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் காதர் பாயைத் தெரிந்த யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். தேவதானத்தில் உள்ள ஒரு பழைய கிணற்றைப் பற்றி இரண்டு வரி எழுத, தேவதானத்துக்கே பஸ் ஏறிப் போய், உள்ளே எட்டிப் பார்த்து, "தண்ணி கிடக்கு, எழுதலாம்" என்று திரும்பி வந்த மனிதர் அவர். சுப்பையா பாய் கடையில் கணக்கு எழுதுகிறவர். "மௌத்தாயிட்டாருங்க. அசர் தொழுகைக்குப் பொறவு அடக்கம்" என்றார். பக்கத்து வீட்டு போன் அது. ரிசீவரை வைத்துவிட்டு நின்றவனைப் பார்த்து, அந்த வீட்டம்மா "என்ன, சொத்து விசயமா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெயிண்டும் ஆணியும் கதவுக் கீலும் விற்றவர் காதர் மைதீன். அது பகல் வேலை. சாயங்காலம் யாரும் கேட்காமலேயே அவர் தலையில் போட்டுக்கொண்ட வேலை ஒன்று உண்டு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டுக்கும், சுற்றியுள்ள ஊர்களுக்கும் சேர்த்து ஒரு வட்டாரக் கலைக்களஞ்சியம். எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், கடைக்கு வந்த வெளியூர்க்காரர் ஊரைப் பற்றி ஏதோ ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அங்கே நின்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு பதில் சொன்னார்களாம். "ஊருக்குள்ளயே அஞ்சு பதில் இருந்தா, வெளியூர்க்காரன் எதை எடுத்துட்டுப் போவான்?" என்று பாய் அன்று ஆரம்பித்தவர்தான். ஒரு கல்லூரிப் பேராசிரியர், ஒரு தமிழாசிரியர், கோயிலோடு தலைமுறையாகத் தொடர்புள்ள குடும்பத்தில் ஒருவர் என்று குழு சேர்ந்தது. துணுக்கு எழுதிப் பிழைக்கும் என்னையும் சேர்த்தார்கள். ராஜபாளையத்துக்காரன் ஒருவனாவது இல்லாவிட்டால் ராஜபாளையம் கோபித்துக்கொள்ளும் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

குழு கூடிய புதிதில் தமிழாசிரியர் தம் மாமனாரைப் பற்றி ஒரு கட்டுரை கொண்டுவந்தார். மாமனார் வெண்பா எழுதுகிறவர்.

"ஊரே அவரைப் புகழுது, பாய்."

"சந்தோசம். ஊருல ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. உங்க வீட்டுப் பந்தியில உக்காராதவரா இருக்கணும்."

தமிழாசிரியர் தேடினார். கிடைக்கவில்லை. மாமனார் அவ்வளவு தாராளமான மனிதர். கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு வராமல் இருந்துவிட்டு, பிறகு வந்தார். 'உங்கள் கடை இந்தப் பஜாரிலேயே பழையது, அதைப் பற்றி எழுதலாமே' என்று பேராசிரியர் பாயைக் கேட்டதற்கும் இதே கதிதான். "தராசுல வியாபாரி கைய வைக்கப்பிடாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் ராஜபாளையம் பொருட்காட்சி வந்து மாட்டிக்கொண்டது.

கோடைதோறும் எங்கள் ஊர் வியாபாரிகள் சங்கம் நடத்திய தொழில் வணிகப் பொருட்காட்சி அது. மோட்டார் பம்பு, மிக்ஸி, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி, ராட்டினம், தாம்பாளம் அகலத்துக்கு அப்பளம். விளம்பர வாசகங்கள் அடியேன். கலைக்களஞ்சியம் அச்சுக்குத் தயாராகிக் காகிதத்துக்குக் காத்துக் கிடந்த நேரம். சங்கத் தலைவர், "மொத்தக் காகிதமும் எங்க பொறுப்பு. எங்க பொருட்காட்சிக்கு ஒரு நல்ல கட்டுரை போட்டுருங்க, போட்டோவோட" என்று சொல்லி அனுப்பினார். போட்டோ என்றால் அவருடைய போட்டோ. எங்கள் குழு மொத்தமும் ஒரே குரலில் சரி என்றது. நான் பத்திரிகைச் செய்திகளை வெட்டி ஒட்டிப் பெருமையாகக் கொண்டுபோனேன். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"இதெல்லாம் யாரு எழுதுனது?"

"நிருபர்கள்."

"நிருபருக்கு யாரு எழுதிக் குடுத்தா?"

நான் கடையின் கூரையைப் பார்த்தேன்.

"'மக்கள் வெள்ளம் கரைபுரண்டது'ன்னு அஞ்சு பேப்பர்லயும் ஒரே மாதிரி புரளுதே, எழுத்தாளரே. ஒரு பேப்பர்லயாவது அது கரைக்குள்ள ஓடியிருக்கக் கூடாதா?"

பேராசிரியர் குறுக்கே வந்தார். "வருசா வருசம் நீங்களே அங்க ஸ்டால் போடுறீங்களே பாய், உங்களுக்கே தெரியாதா?"

"ஸ்டால் போடுறவன்கிறதாலதான் நான் சாட்சி சொல்ல முடியாது. கூட்டம் வருது, சரி. பந்தலைப் பிரிச்ச பொறவு என்ன மிஞ்சுது? அதைச் சொல்லுங்க, எழுதுவோம்."

"அப்பளம் சுத்துன எண்ணெய்க் காகிதம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. என் தொழிலில் இது பழகிப்போன ஒன்று.

"காகிதம் வரலைன்னா புத்தகமே வராது பாய்" என்றார் பேராசிரியர். அவர் மட்டும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதியிருந்தார்.

"புத்தகம் வரும்" என்றார் பாய். "பொருட்காட்சி அதுல வருமான்னு பாப்போம்."

சில நாள் கழித்துக் கடையில் பெயிண்ட் டிரம்மின் மேல் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தேன். கான்சாபுரத்திலிருந்து ஒரு பெண் வந்தார்.

"பச்சைப் பெயிண்டு கால் லிட்டர் குடுங்க பாய். கதவுக்கு மட்டுந்தான்."

"வீட்டுல விசேசமா தாயி?"

"விசேசமா, இல்ல காப்பியக் குடிச்சிட்டுப் போற கூட்டமான்னு தெரியலை. மகளைப் பாக்க வாராக. இதுக்கு முன்ன மூணு கூட்டம் வந்து எக்சிபிசன் பாத்துட்டுப் போயாச்சு."

பெயிண்ட் டப்பாவை எடுக்கப் போன பாயின் கை அந்தரத்தில் நின்றது.

"என்ன பாத்துட்டுப் போனாகன்னு சொன்ன?"

"எக்சிபிசன். வாங்கவா வாராக? எடுத்துப் பாக்குறது, வெலை கேக்குறது, வச்சிட்டுப் போறது. அதுக்குப் பேரு அதானே?"

"ராசபாளையம் எக்சிபிசனுக்குப் போயிருக்கியா?"

"அது என்னது, சினிமாக் கொட்டகையா?"

"பொறவு இந்தப் பேச்சை எங்க படிச்ச?"

"இதை எவ படிப்பா? எங்க ஊருல எல்லாரும் சொல்லுறதுதான். பெயிண்டைக் குடுங்க பாய், பஸ்ஸு போயிரும்."

பாய் அரை லிட்டர் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். "கால்தான் கேட்டேன்" என்றார் அந்தப் பெண். "நிலைக்கும் சேத்து அடி தாயி. இந்தக் கூட்டமாவது வாங்குற கூட்டமா இருக்கட்டும்" என்று கால் லிட்டருக்கே விலை போட்டார். அந்தப் பெண் தெருவில் இறங்கியதும் என் பக்கம் திரும்பினார். "எழுத்தாளரே, பந்தலைப் பிரிச்ச பொறவு மிஞ்சுனதுக்குச் சாட்சி வந்துட்டுப் போகுது, பாத்தீரா?"

அதோடு விட்டாரா? வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி என்று என்னையும் இழுத்துக்கொண்டு அலைந்தார். ஒரு துணிக்கடையில் சேலை சேலையாக விரிக்கச் சொல்லிவிட்டு ஒரு அம்மாள் வெறுங்கையோடு எழுந்தார். "எக்சிபிசன் முடிஞ்சுதா, மதினி?" என்று கடைக்காரர் கேட்க, கடை மொத்தமும் சிரித்தது. பாய் மட்டும் சிரிக்கவில்லை. தங்கம் எடுத்தவர் முகம் போல இருந்தது அவர் முகம். எனக்குப் பசி. டீக்கடை டீக்கடையாகக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட விட்டார்.

கட்டுரையை அவரே எழுதினார். அது இதுதான்:

"எக்ஸிபிஷன் பார்த்தல்: வாங்கும் எண்ணம் இல்லாமல் பார்த்து, விலை கேட்டு, வைத்துவிட்டுப் போதல். பெண் பார்க்க வந்து பதில் சொல்லாமல் போகிறவர்களைக் குறித்தும் சொல்வர். ராஜபாளையத்தில் கோடைதோறும் நடைபெறும் பொருட்காட்சியிலிருந்து பிறந்த வழக்கு. அங்கே போகாதவர்களும் இதைச் சொல்கிறார்கள்."

'பொ' வரிசையில் தேடுகிறவர்களுக்காக, "பொருட்காட்சி: காண்க, எக்ஸிபிஷன் பார்த்தல்" என்று இன்னொரு வரி. போட்டோ கிடையாது.

விஷயம் ராஜபாளையத்துக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். ரகசியம் காப்பதில் என் பெயர் ஊருக்கே தெரியும். மறுநாள் தலைவர் காரில் வந்து இறங்கினார்.

"ஏம் பாய், நாங்க வியாபாரம் பண்ண எக்சிபிசன் நடத்துறோம். வாங்காமப் போறதுக்குப் பேரே எங்க எக்சிபிசன்னு எழுதி வச்சிருக்கீரே!"

"நான் எழுதலை தலைவரே. ஜனங்க சொன்னது. நான் கேட்டுக்கிட்டேன், அம்புட்டுத்தான்."

"'வாங்கும் எண்ணம் இல்லாமல்'ங்கிறதை மட்டும் எடுத்துரும். நாளைக்கே லாரியில காகிதம் வந்து இறங்கும்."

"அதை எடுத்துட்டா மிச்சம் 'பார்த்தல்'தான் இருக்கும். அதுக்குக் கலைக்களஞ்சியம் எதுக்கு? கண்ணு போதுமே."

"உம்ம ஸ்டாலும் அங்கதான் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு. என் ஸ்டாலுக்கும் வந்தவுக பாத்துட்டுத்தான் போனாக. ஆனா அதை நான் சாட்சியில சேக்கலை."

நான் மெதுவாக பாயின் காதில், "மூணு வார்த்தைதானே பாய்" என்றேன்.

"மூணே வார்த்தைதானே? பொறவு அதை எடுக்க எதுக்கு ஒரு லாரி காகிதம்?" என்று சத்தமாகவே கேட்டார். பிறகு தலைவரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "வேண்டாம்னா சொல்லுங்க, கட்டுரையே இல்லாம விட்டுடறேன். போட்டா இப்படித்தான்."

புத்தகத்தில் அப்படி வருவதா, வராமலே போவதா என்று தலைவர் உள்ளுக்குள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. 'வேண்டாம்' என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. வந்த டீயைத் தொடாமல் போய்விட்டார்.

காகிதம் வரவில்லை. அடுத்த கோடையில் பாய்க்கு ஸ்டாலும் வரவில்லை. பாய் சிவகாசிக்கு நடையாய் நடந்தார். காலண்டர் அச்சடித்து மிஞ்சிய காகிதத்தை அச்சகம் அச்சகமாகக் கேட்டு வாங்கினார். அதனால்தான் எங்கள் கலைக்களஞ்சியம் ஒரு பக்கம் வழவழப்பாகவும் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் இருக்கிறது. 'எ' வரிசைக்கு வாய்த்தது சாமிப் படம் போடுகிற பளபளக் காகிதம். அதைப் பாய் திட்டமிட்டுச் செய்தார் என்று ராஜபாளையத்தில் இன்றைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. அதைக் கிளப்பிவிட்டது யார் என்று நான் சொல்லமாட்டேன்.

புத்தகம் வந்த வருஷம் தலைவர் என்னைக் கூப்பிட்டு விளம்பரம் எழுதச் சொன்னார். 'கலைக்களஞ்சியத்தில் இடம்பெற்ற ஒரே பொருட்காட்சி!' என்று கொட்டை எழுத்தில் போடவேண்டுமாம். இடம்பெற்றது எப்படி என்று போடவேண்டாமாம். போட்டேன். பாய் அந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நீரு எழுதுனதுல பொய்யில்லாதது இது ஒண்ணுதான், எழுத்தாளரே."

அடக்கம் முடிந்து சில நாளில் குழு கூடியது. இரண்டாம் பதிப்பு வேலை பாதியில் நிற்கிறது. 'கா' வரிசையில் காதர் மைதீன் என்று பேராசிரியர் கட்டுரையை எழுதியே கொண்டுவந்துவிட்டார். நன்றாகத்தான் இருந்தது. வாசிக்கும்போதே தமிழாசிரியர் அழுதார். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். நான் தூக்கவில்லை.

"ஏன்யா, நீயெல்லாம் மனுசனா?" என்றார் பேராசிரியர்.

"நாம எல்லாரும் அவரோட ஆளுக. நம்மள்ல ஒருத்தர் எழுதி அவர் உள்ள வரக் கூடாது. அவரைத் தெரியாத ஒருத்தர் வந்து சொல்லட்டும். அன்னைக்கு முதல் கை என்னோடது" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பேராசிரியர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

ஆகவே அவரை அறிந்த உங்களுக்கெல்லாம் தெரிவித்துக்கொள்கிறேன்: காதர் பாய்க்குக் கலைக்களஞ்சியத்தில் இப்போதைக்கு இடம் கிடையாது. தடுத்தது நான்தான். திட்டுகிறவர்கள் என்னையே திட்டலாம். ஆயுள் முழுக்க எல்லாவற்றுக்கும் 'ஆகா' போட்டே சம்பாதித்தவன் நான். பிரியமானவர் விஷயத்திலும் 'முடியாது' என்று சொல்லத் தெரிவது அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த சொத்து. இந்த வயதில் முளைத்த கடைவாய்ப் பல் மாதிரி வலிக்கிறது. பிடுங்கப் போவதில்லை.