பூட்ஸோடு ஒரு படம்

நான் குடியிருக்கும் இந்த லீட்ஸ் நகரத்து வீட்டில் நாய்க்கென்று ஒரு துவாலை உண்டு. வெளியே போய்த் திரும்பினால் வாசலில் நிறுத்தி, நாலு காலையும் துடைத்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். அதன் பின்னாலேயே வீட்டு எஜமானர் மிஸ்டர் டாப்சன் வருவார். குதிரைச் சாணம் மிதித்த பூட்ஸை மிதியடியில் இரண்டு தேய் தேய்த்துவிட்டு, கார்ப்பெட் மேல் நடந்துபோய் நாற்காலியில் உட்காருவார். அவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இந்த வீட்டில் ஆசாரம் தெரிந்தது நாய் ஒன்றுதான் என்று வந்த புதிதில் நினைத்துக்கொண்டேன்.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. சாயத் தொழில் படிக்கச் சீமைக்கு வந்தவன். கறுப்பு மனிதனுக்கு அறை இல்லையென்று நாலு வீடுகளில் கதவைச் சாத்திவிட்டார்கள். ஐந்தாவதாக இடம் கொடுத்தவள் மிஸஸ் டாப்சன். இதுவும் போனால் ரயிலடி பெஞ்சுதான் கதி. ஆகவே அவள் மனம் கோணாமல் நடப்பதென்று சங்கற்பம் செய்துகொண்டேன். நாலே நாளில் கோணிவிட்டது.

அறைக்குள் பூட்ஸோடு போக எனக்குக் கால் வரவில்லை. நம் ஊர் வழக்கப்படி கதவுக்கு வெளியே கழற்றி வைத்தேன். காலையில் பார்த்தால் முகம் பார்க்கலாம்போலப் பளபளவென்று இருந்தது. மறுநாளும் அப்படியே. இந்த தேசத்துக் காற்றிலேயே ஏதோ விசேஷம் இருக்கிறது போலும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். நாலாம் நாள் மிஸஸ் டாப்சன் ஒரு கையில் என் பூட்ஸும் மறு கையில் பிரஷுமாக வந்து நின்றாள்.

“உங்கள் நாட்டில் நீங்கள் இளவரசராக இருக்கலாம். இங்கே வேலைக்காரி கிடையாது. வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்.”

இந்த ஊர் ஓட்டல்களில் பூட்ஸை அறைக்கு வெளியே வைத்தால், துடைத்து வை என்று அர்த்தமாம். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. என் தாயார் வயதுக்காரி என் செருப்பைக் கையால் தொட்டுத் துடைத்திருக்கிறாள். அடுத்தவர்மேல் கால் தவறிப் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். வாய் வார்த்தை போதாதென்று, நம் முறைப்படி தடாலென்று அவள் காலில் விழுந்தேன். அவள் அலறிக்கொண்டு பின்வாங்கினாள். அவளுடைய பூட்ஸையும் கழற்ற வருகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

சத்தம் கேட்டு வந்த மிஸ்டர் டாப்சன் பஞ்சாயத்துச் செய்தார். பூட்ஸை அறைக்குள்ளேயே கழற்றி, அவர் படித்து முடித்த நியூஸ்பேப்பரின் மேல் வைக்கலாம் என்றார். எழுத்தின்மேல் செருப்பா? கல்வித் தெய்வத்தை மிதித்துவிட்டு நான் என்ன படித்து என்ன? முடியாது என்றேன்.

“நேற்றைய பேப்பர்தானே,” என்றார் அவர்.

நேற்றைய சரஸ்வதி, இன்றைய சரஸ்வதி என்று நமக்கு ஏது பேதம்? கடைசியில் மிஸஸ் டாப்சனே தீர்ப்புச் சொன்னாள். இந்த வீட்டில் இருப்பதானால் மனிதர்களைப்போலப் பூட்ஸ் போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். போட்டுக்கொண்டேன்.

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் தறி தரையோடு தரையாக இருக்கும். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, வெறுங்காலால் மிதிகட்டையை மிதித்து நெய்ய வேண்டும். ஒருசமயம் சேலை வாங்க வந்த பட்டணத்து வியாபாரி செருப்போடு உள்ளே கால் வைத்தார். அப்பா தறியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

“செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க. உள்ள தறி இருக்குது.”

வியாபாரி முறைத்துக்கொண்டு போயேவிட்டார். அந்த மாதம் முழுக்க எங்களுக்குக் கேழ்வரகுக் கூழ்தான். அப்படிப்பட்டவர் பிள்ளை இங்கே பூட்ஸ் காலோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

நான் பூட்ஸுக்குப் பழகியதும் மிஸஸ் டாப்சனுக்கு என்மேல் பிரியம் வந்துவிட்டது. “ஒரு போட்டோ எடுத்து உன் அம்மாவுக்கு அனுப்பு. நான் உன்னை வெறுங்காலோடு விடவில்லை என்று அவள் தெரிந்துகொள்ளட்டும்,” என்றாள். அன்று அவளே வலிய வந்து பூட்ஸைப் பிடுங்கித் துடைத்துக் கொடுத்தாள். நிற்கிற மாதிரி எடுக்க வேண்டும், பூட்ஸ் நன்றாக விழ வேண்டும் என்று போட்டோக்காரரிடம் மூன்று தரம் சொன்னாள்.

அம்மா சொல்லச் சொல்ல அண்ணன் எழுதிய பதில் நேற்று வந்தது.

“படம் வந்துதுபா. நல்லா இருக்குது. கூடத்துல முருகர் படத்துக்குப் பக்கத்துல மாட்ட ஆணியும் அடிச்சாச்சி. ஆனா செருப்புக் காலோட உன்ன எப்படிபா வூட்டுக்குள்ள வுடறது? அண்ணன வுட்டு முழங்காலுக்குக் கீழ கத்திரிச்சிட்டு மேல்பாதிய மாட்டிட்டோம். கீழ்ப்பாதிய தூக்கிப் போட மனசு வரல. அதுவும் எம்புள்ள காலாச்சே. வாசப்படிக்கு வெளிய, உங்கப்பா செருப்பு வுடற எடத்துக்கு மேல கஞ்சி தடவி ஒட்டியிருக்குது. மழ பட்டா போயிடும். அதுக்குள்ள வந்து சேருபா.”

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மிஸஸ் டாப்சன் தேநீர்க் கோப்பையை என் முன்னால் வைத்தபடி, படத்தை மாட்டிவிட்டார்களா என்று கேட்டாள். மாட்டிவிட்டார்கள் என்றேன்.

“பூட்ஸ் தெரிகிறதாமா?”

“தெரிகிறதாம். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான்.”